பைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு மந்திரக் கடிகாரம்!

தீம் பார்க் போகும் எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். ராட்டினத்தில் ஏறமாட்டார், தண்ணீரில் இறங்கமாட்டார். மரநிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எல்லோருடைய பை, செருப்பு, செல்போன், மூக்குக்கண்ணாடி, ஈரத்துண்டு, பாதி தின்ற சிப்ஸ் பாக்கெட் என அத்தனைக்கும் காவல் இருப்பார். எங்கள் வீட்டில் அது ஆச்சி.

2009 மே விடுமுறையில் திருநெல்வேலியிலிருந்து வேன் பிடித்து ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த ஐந்தாவது நிமிடமே ஆச்சி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க போயிட்டு வாங்கட்டி. நான் பையைப் பாத்துக்கிடுதேன்” என்றார். பக்கத்தில் துணைக்குத் தாத்தா. அவர் கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்” என்று எழுந்து போனவர்தான். ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணோம்.

ஆச்சியால் தேடிப் போக முடியவில்லை. பைகள் இருக்கின்றனவே! மடியில் நான்கு செல்போன்கள் இருந்தன. ஆனால், அவற்றிலிருந்து யாரைக் கூப்பிடுவது? எல்லோருடைய போனும் அவர் மடியில்தானே கிடந்தது. நாங்கள் சொட்டச் சொட்ட நனைந்து, சிரித்துக்கொண்டே வந்தபோது ஆச்சி அழுதுகொண்டிருந்தார். கடைசியில் அலைக்குளத்துக்கு எதிரே, ஆறிப்போன டீ கப்போடு தாத்தாவைக் கண்டுபிடித்தோம். வந்த வழியை மறந்துவிட்டாராம். அதை யாரிடமும் கேட்கக் கூச்சமாம்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட இந்தக் கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் அக்கா மகன். போன மாதம் குடும்பத்தோடு வேறொரு பார்க்குக்குப் போயிருந்தோம். அவனுக்கு எட்டு வயது. நான்கு அடிக்கு இரண்டு விரல் குறைவு. பெரிய ரைடின் வாசலில் இருந்த அளவுகோல் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய், அதே மாதிரி ஒரு பெஞ்சில், அதே மாதிரி பைகளுக்கு நடுவே இருந்த ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தான். தமிழ் டப்பிங்கில் ஹாரி பாட்டர் பார்த்துப் பார்த்து வசனமே மனப்பாடமானவன். என்னைப் பார்த்து, “ஹாரி பாட்டர் பார்க்கா இருந்தா என்னை விட்டிருப்பாங்க சித்தி” என்றான்.

நானும் ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால், டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து நேரம் கெட்ட நேரத்தில் நான் பார்த்த வீடியோக்களில் பாதி அந்தப் பார்க்கைப் பற்றியதுதான். அவை எல்லாம் வேலைக்காகப் பார்த்தது என்று சொன்னால் எடிட்டர் நம்பமாட்டார், விடுங்கள். உண்மை என்னவென்றால், அங்கேயும் அளவுகோல் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகரம். அங்கே யுனிவர்சல் நிறுவனத்தின் பார்க்கில் ஹாரி பாட்டர் உலகம் 2010 ஜூன் 18-ல் திறக்கப்பட்டது. ஹாக்வார்ட்ஸ் கோட்டையும் ஹாக்ஸ்மீட் கிராமமும்தான் முதலில் வந்தவை. ஃபுளோரிடா வெயில் மண்டையைப் பிளக்கும். அந்தக் கிராமத்துக் கூரைகளிலோ எந்நேரமும் பனி படர்ந்திருக்கும். 2014-ல் பக்கத்துப் பார்க்கில் டயகான் ஆலி கடைத்தெரு வந்தது. அங்கே கிரிங்காட்ஸ் வங்கியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் டிராகன், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிஜ நெருப்பைக் கக்கும். ஜப்பானின் ஒசாகா, ஹாலிவுட், பெய்ஜிங் என்று இந்த மந்திர உலகம் கிளைவிட்டு, 2025 மே 22-ல் ஆர்லாண்டோவிலேயே திறந்த ‘எபிக் யுனிவர்ஸ்’ என்ற புதுப் பார்க்கில் மந்திர அமைச்சகம் வரை வந்துவிட்டது.

கோட்டைக்குள் இருக்கும் ‘ஃபர்பிட்டன் ஜர்னி’ ரைடுக்கு நான்கு அடி உயரம் வேண்டும். ஹாக்ரிட்டின் மோட்டார் பைக் ரைடுக்கும் நான்கு அடி. கிரிங்காட்ஸ் வங்கிக்குள் போக மூன்றரை. ஹிப்போகிரிஃப் என்ற சின்ன ரோலர் கோஸ்டருக்கு மூன்று அடி போதும். அதாவது, எங்கள் வீட்டுப் பையனுக்கு வங்கியில் கணக்கு உண்டு, கோட்டையில் அனுமதி இல்லை.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஃபர்பிட்டன் ஜர்னியில் நான்கு பேர் உட்காரும் பெஞ்சைத் தூக்கிச் சுழற்றுவது ஒரு ரோபோ கை. கார் தொழிற்சாலைகளில் வெல்டிங் வைக்குமே, அந்த வம்சம். அது குப்புறச் சாய்க்கும்போது தோளை அழுத்திப் பிடிக்கும் கம்பி உடம்பில் சரியாகப் பதியவேண்டும். அதனால் குள்ளமானவர்களுக்கு மட்டும் சிக்கல் இல்லை. ரைடுக்கு வெளியே மாதிரி இருக்கை ஒன்றை வைத்திருக்கிறார்கள். உடல் பருத்தவர்கள் அதில் உட்கார்ந்து, கம்பி ‘க்ளிக்’ என்று பூட்டுகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பூட்டவில்லை என்றால்? மறுபடியும் பெஞ்ச்தான், பைதான்.

ஆனால், உயரம், எடை, வயது எதையும் கேட்காத ஒரு விஷயமும் அங்கே இருக்கிறது. எனக்கு அந்தப் பார்க்கிலேயே மிகவும் பிடித்தது அதுதான். ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ்! இரண்டு பார்க்குகளுக்கும் நடுவே ஓடும் ரயில். புகையும் விசிலுமாகப் பார்க்க நீராவி இன்ஜின்தான். உண்மையில் கேபிள் கட்டி இழுக்கிறார்கள், நம் பழனி விஞ்ச் மாதிரி. ஒரு பெட்டி அறைக்கு எட்டுப் பேர். ஜன்னல் என்று நாம் நினைப்பது திரை. வெளியே ஸ்காட்லாந்து மலைகள் ஓடும். நடைவழிப் பக்கத்துக் கண்ணாடிக் கதவில் ஹாரி, ரான், ஹெர்மயனி நிழல்கள் பேசிக்கொண்டே கடந்து போகும். சில நிமிடப் பயணம்தான். யாரும் கத்துவதில்லை, யாருக்கும் வாந்தி வருவதில்லை.

அந்த ரயில் ஏறப் போகும் வழியில்தான் புகழ்பெற்ற ஒன்பதே முக்கால் பிளாட்பாரம். செங்கல் சுவருக்குள் ஆட்கள் நுழைந்து மறைகிறார்கள். 1862-ல் லண்டன் மேடையில் பேயை வரவழைத்துக் காட்டிய ‘பெப்பரின் பேய்’ என்ற பழைய கண்ணாடி வித்தையின் வழிவந்த தந்திரம் இது. சாய்த்து வைத்த கண்ணாடியில் செங்கல் சுவரின் பிம்பம் விழ, அதன் பின்னால் ஆள் நடந்துபோகிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுவருக்குள் நுழைபவருக்கு எதுவுமே தெரியாது. அவருக்கு அது வெறும் நடைபாதை. பின்னால் வரிசையில் நிற்பவருக்குத்தான், முன்னால் போனவர் சுவருக்குள் கரைவது தெரியும். முதல் தடவை போகிறவர்களில் பலர் இது புரியாமல், “சுவர் எங்கே?” என்று கேட்டுக்கொண்டே கடந்துவிடுகிறார்கள்.

(ஒரு சின்ன வருத்தம்: இந்த ரயிலில் ஏற இரண்டு பார்க்குக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். ஒரு பார்க்குக்கே ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல். உயரம் கேட்காத ரயில் பர்ஸைக் கேட்கிறது.)

வீட்டுக்கு வந்த பிறகும் பையனின் முகம் தெளியவில்லை. “சரி, நாமளே ஒரு பார்க் கட்டுவோம். பெரியாச்சியும் நீயும் வரக்கூடிய மாதிரி. என்னென்ன வைக்கலாம், சொல்லு” என்றேன். வெள்ளைத்தாள், ஸ்கெட்ச் பேனா எல்லாம் வந்தன. ஒரே நிபந்தனை, ஏற்கெனவே அங்கே இருப்பதை வைக்கக் கூடாது.

அவன் முதலில் சொன்னது நைட் பஸ். ஊதா நிறத்தில் மூன்று அடுக்கு பஸ். கதையில் அதற்குள் இருக்கைக்குப் பதில் கட்டில்கள். பிரேக் போட்டால் கட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழுக்கும். ஆர்லாண்டோவில் அந்த பஸ் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஓடாது. தெருவில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். கண்டக்டரும், கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கும் சுருங்கிய தலையும் போவோர் வருவோரிடம் வம்பளப்பார்கள், அவ்வளவுதான். அதை ஓட்டினால் என்ன? புத்தகத்தில் டிக்கெட் விலைகூட இருக்கிறது. 11 சிக்கிள். 13 கொடுத்தால் ஹாட் சாக்லேட் சேர்த்து. 15 கொடுத்தால் வெந்நீர்ப் பையும் பிடித்த நிறத்தில் டூத் பிரஷ்ஷும். நம் ஊர் ஸ்லீப்பர் பஸ்ஸில் இதுகூடக் கிடையாது. ஆச்சியிடம் சொன்னேன். “சென்னை பஸ்ல கட்டில்ல இருந்து உருண்டது பத்தாதாட்டி? அதுக்கு அமெரிக்கா வேற போவணுமாக்கும்!” என்று ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்துவிட்டார்.

அடுத்தது என்னுடைய யோசனை. எரிசெட் கண்ணாடி. ‘டிசையர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போட்டு ரௌலிங் வைத்த பெயர். எதிரே நிற்பவரின் அடிமனசு ஆசையைக் காட்டும் கண்ணாடி. அனாதைப் பையன் ஹாரி அதில் பார்ப்பது செத்துப்போன அப்பாவையும் அம்மாவையும். என் கற்பனை பறந்தது. பாதி பிரதிபலிக்கும் கண்ணாடி, பின்னால் திரை, முன்கூட்டியே நாம் கொடுத்த புகைப்படம். இன்றைய தொழில்நுட்பத்தில் புகைப்படத்தைக் கண் சிமிட்ட வைப்பதும், தலையாட்ட வைப்பதும் பெரிய விஷயமே இல்லை. நம் தோளுக்குப் பின்னால் அப்படியே வந்து நிற்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு 40 நொடி என்றாலும் மணிக்கு 90 பேர்தான் பார்க்க முடியும். பெரிய ரைடுகள் மணிக்கு ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றி இறக்குகின்றன. தீம் பார்க் தொழிலே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஹாக்ரிட் ரைடு திறந்த 2019 ஜூன் 13 அன்று பத்து மணி நேரம் வரை வரிசை நீண்டது. கண்ணாடிக்கு எத்தனை நாள் நிற்பது? ஆனால், கணக்கைவிட என்னைத் தடுத்தது வேறொன்று. 40 நொடி முடிந்ததும் ஊழியர் வந்து, “நேரம் முடிந்தது, அடுத்தவருக்கு வழிவிடுங்க” என்பார். எங்கள் அம்மா அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். கதையிலும் டம்பிள்டோர் ஹாரியை இதற்காகத்தான் எச்சரிக்கிறார். கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்து வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் உண்டு என்று. அப்படிப்பட்டதை ஐஸ்கிரீம் கடைக்கும் நினைவுப்பொருள் கடைக்கும் நடுவே வைத்து டிக்கெட் போட எனக்கு மனசு வரவில்லை. தாளிலிருந்து அடித்துவிட்டேன்.

மூன்றாவது யோசனை யாருடையது என்று எனக்கும் பையனுக்கும் இன்னும் தகராறு. அது வீஸ்லி வீட்டுக் கடிகாரம்.

படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ரானின் அம்மா மோலி வீஸ்லி வீட்டில் உயரமான பெரிய கடிகாரம் ஒன்று நிற்கும். அதில் ஒன்பது தங்க முட்கள். முள்ளுக்கு ஒரு பெயராக, குடும்பத்தில் உள்ள ஒன்பது பேர். எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் வீடு, பள்ளிக்கூடம், வேலை, பயணம், தொலைந்துபோனார், ஆஸ்பத்திரி, ஜெயில் என்று எழுதியிருக்கும். பன்னிரண்டு இருக்கவேண்டிய உச்சியில் ‘உயிருக்கு ஆபத்து’. ஏழு பிள்ளை பெற்ற அம்மா, அடுப்படி வேலைக்கு நடுவே அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். மொத்த மந்திர உலகத்திலும் எனக்குப் பொறாமை வந்த ஒரே பொருள் அதுதான். பறக்கும் துடைப்பம்கூட இல்லை.

சரி, இதை எப்படிக் கட்டுவது? முதலில் பார்க்கின் நட்ட நடுவே வீஸ்லி வீட்டு அடுப்படி. கோணல்மாணலாக அடுக்கிய வீடு. சாய்வு உள்ள நாற்காலிகள். சிமென்ட் பெஞ்ச் கூடவே கூடாது என்று ஆச்சி சொல்லிவிட்டார். சினிமாவில் வருவது போலத் தானே பாத்திரம் தேய்த்துக்கொள்ளும் வாணலி. தானே பின்னிக்கொள்ளும் ஸ்வெட்டர் ஊசி. பைகளை வைக்கச் சுவர் நிறைய மரப்பெட்டிகள். டீ எந்நேரமும் சூடாக இருக்கும். கால் வலிக்காரர்கள், கர்ப்பிணிகள், தலைசுற்றல்காரர்கள், இரண்டு விரல் உயரம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் அனுமதி.

நடுச்சுவரில் அந்தக் கடிகாரம்.

இதற்குப் புது மந்திரம் எதுவும் தேவையில்லை. டிஸ்னி 2013-லேயே கையில் கட்டும் பட்டையை அறிமுகப்படுத்திவிட்டது. அதற்குள் இருக்கும் சிப் டிக்கெட், அறைச்சாவி, பர்ஸ் மூன்றாகவும் வேலை செய்யும். யுனிவர்சலின் ‘வால்கனோ பே’ நீர்ப்பூங்காவிலும் 2017-ல் அதே மாதிரி பட்டை வந்தது. அவரவர் முறை வந்தால் கையிலேயே தகவல் வந்தது, வரிசையில் நிற்கவேண்டியிருக்கவில்லை. டயகான் ஆலியில் விற்கும் மந்திரக்கோல் இன்னும் எளிமை. முதலில் வந்த கோல்களுக்குள் பேட்டரிகூடக் கிடையாது. நுனியில் இருக்கும் சின்னக் கண்ணாடித் துண்டு அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்ப, கடை ஜன்னலில் ஒளித்த கேமரா அந்த அசைவைப் படித்து மந்திரத்தைப் பலிக்கவைக்கிறது. இவ்வளவும் செய்தவர்களுக்கு ஒவ்வொரு ரைடின் வாசலிலும் பட்டையைப் படித்து, அடுப்படியில் ஒரு முள்ளை நகர்த்துவது கஷ்டமா என்ன?

திரை வேண்டாம். நிஜ முள்தான். நகரும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்கவேண்டும். டீ குடித்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்க்கவேண்டும். நாங்கள் எழுதிய பெயர்கள்: வரிசையில், சவாரியில், சாப்பாட்டில், கடையில், கழிவறையில், வந்துகொண்டிருக்கிறார். ‘உயிருக்கு ஆபத்து’ என்ற இடத்தில் ‘தலைகீழாக’ என்று பையன் மாற்றினான். ரோலர் கோஸ்டரில் போகிறவர்கள் அங்கே நிற்பார்களாம். ‘தொலைந்துபோனார்’ மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். காரணம் உங்களுக்குத் தெரியும். அந்த முள் அங்கே போனால் ஊழியர் ஒருவர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடுவார். யாரிடமும் வழி கேட்கும் கூச்சம் வேண்டாம்.

சித்தப்பா மகள் காலேஜ் முதல் வருஷம். அவளிடம் சொன்னபோது, “பட்டையைக் கழற்றி வேற யார் கையிலாவது கட்டிவிட்டுருவேன்கா” என்றாள். நியாயம்தான். எங்கே போனேன், யாரோடு போனேன் என்பதெல்லாம் கடிகாரத்துக்குத் தெரியவேண்டாம். சம்மதிப்பவர்களுக்கு மட்டும் முள் என்று ஒரு விதி சேர்த்தோம். அவள் பெயருக்கு நேரே முள் இல்லாத ஓட்டை மட்டும் இருக்கும்.

பையனுக்கு அங்கே ஒரு வேலையும் உண்டு. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. நான்கு அடிக்குக் குறைந்தவர்கள் மட்டுமே நுழையக்கூடிய சின்னக் கதவு கடிகாரத்தின் அடியில் இருக்கும். உள்ளே பல்சக்கரங்கள். பெரியவர்கள் எட்டிப் பார்க்கலாம், நுழைய முடியாது. வாசலில் அளவுகோலும் உண்டு. நான்கு அடியைத் தாண்டினால், “மன்னிக்கணும் சார், அடுத்த பிறவியில் வாங்க” என்று அவனே சொல்வானாம். அந்த வசனத்தை எழுதும்போதுதான் ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தான்.

தாளை எடுத்துக்கொண்டு போய் ஆச்சியிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முள்ளாகப் பெயர் படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், நான், பையன், சித்தப்பா, சித்தி. கடைசி முள்ளில் ‘ஆச்சி’. எல்லாம் கேட்டுவிட்டு, “தாத்தா முள்ளு எங்கட்டி?” என்றார்.

தாத்தா போய் ஆறு வருஷம் ஆகிறது.

எனக்கு ஃப்ரெட் வீஸ்லி ஞாபகம் வந்தது. ஏழாவது புத்தகத்தில் அவன் போரில் செத்துப்போகிறான். அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தில் அவன் முள் எங்கே நின்றது? அன்று இரவு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறுநாள் காலை ஆச்சியிடம் அதைச் சொன்னேன். எழுதினவங்களே சொல்லாம விட்டுட்டாங்க ஆச்சி, தாத்தா முள்ளை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

“வீட்டுலயே வையி. வெளிய போனா வழி தெரியாம முழிப்பாவ.”